எழுதி வைங்க, எழுதிக் கொடுக்காதீங்க

1/
நீளமான இழை. பொறுமையா படிங்க. வீட்டுல அறுபது தாண்டினவங்க இருந்தா படிச்சுக் காட்டுங்க.

சொல்ல வர்றது ரெண்டே விஷயம். ஒண்ணு, உயிரோட இருக்கும்போது, இருக்கிற ஒரே வீட்டைப் பிள்ளை பேருக்கு எழுதிக் கொடுக்காதீங்க. ரெண்டு, நீங்க பிள்ளையா இருந்தா, "அப்பா வீடு எப்படியும் நமக்குத்தானே"ன்னு நம்பி உங்க முதுமைக்குச் சேமிக்காம இருக்காதீங்க.

"டாக்டருக்கு இது எதுக்கு?"ன்னு கேப்பீங்க. இந்தப் பத்திரங்களோட பின்விளைவு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல தெரியாது. எங்க ஓ.பி.யிலதான் தெரியும்.

2/
சமயபுரம் பக்கத்துல என் கிளினிக். அடையாளம் எல்லாம் மாத்திச் சொல்றேன். எழுபதைத் தாண்டின ஒரு அம்மா. இருபது வருஷமா சர்க்கரை. நல்ல கட்டுப்பாட்டுல வெச்சிருந்தவங்க. கால்ல ஆறாத புண்ணோட வந்தாங்க. சர்க்கரை 380.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாம்மா?"
"போடுறேன் சார். பாதியா உடைச்சுப் போடுறேன்."
"ஏன்மா?"
"ஒரு மாசத்துக்கு வாங்கினது ரெண்டு மாசத்துக்கு வரும்ல."

அதுல ஒண்ணு உடைக்கவே கூடாத மாத்திரை. வயித்துக்குள்ள போய் மெதுவா கரையுற மாதிரி செஞ்சது. உடைச்சா அது செய்யப்பட்ட காரணமே போச்சு.

3/
இவங்க ஏழைன்னு நினைக்காதீங்க. ரோட்டுக்குப் பக்கத்துல மூணு சென்ட்ல சொந்த வீடு இருந்தது. கணவர் போன மறுவருஷமே மகன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிட்டாங்க. மகன் அதை அடமானம் வெச்சுக் கடை போட்டார். கடை ஓடலை. இப்போ மாசாமாசம் தவணை.

மகன் கெட்டவர் இல்லை. அம்மாவை வண்டியில கூட்டிட்டு வந்து, லேப் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் வாசல்ல நின்னவர் அவர்தான். அம்மா பாதி மாத்திரை போடுற விஷயமே அவருக்குத் தெரியாது.

"தம்பிகிட்ட சொல்லிடாதீங்க சார். அவனே கஷ்டத்துல கெடக்கான். எத்தனை தடவைதான் கேக்குறது?"

4/
இந்தக் கடைசி வாக்கியம் இருக்கே, அதுதான் நான் இந்த இழையை எழுதக் காரணம்.

அப்பா அம்மாவை அடிச்சு விரட்டுற பிள்ளைகளைப் பத்தி பேப்பர்ல வரும். எல்லாரும் திட்டுவோம். "நம்ம பிள்ளை அப்படி இல்லை"ன்னு நிம்மதியாவோம். நான் அந்தப் பிள்ளைகளைப் பத்திப் பேசலை. நல்ல பிள்ளைகளைப் பத்தித்தான் பேசுறேன். பிள்ளை தங்கமா இருந்தாலும் இது தப்பான ஏற்பாடு.

நாற்பது வருஷம் அந்த வீட்டை ஆண்ட அம்மா, ஒரு கையெழுத்துக்கு அப்புறம் ஒரு அட்டை மாத்திரைக்குக் கேட்டு நிக்கணும். கேக்கக் கூச்சப்பட்டே உடம்பைக் கெடுத்துக்கிறவங்களை நான் வாராவாரம் பாக்குறேன்.

5/
தமிழ்ல ரெண்டு வார்த்தை இருக்கு. எழுதி வைக்கிறது. எழுதிக் கொடுக்கிறது. பேச்சுல ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறோம். சட்டத்துல ரெண்டும் வேற வேற.

எழுதி வைக்கிறது உயில். நீங்க இறந்த பிறகுதான் அது பேசும். அதுவரைக்கும் வீடு உங்க வீடு. மனசு மாறினா மாத்தி எழுதலாம், கிழிச்சும் போடலாம்.

எழுதிக் கொடுக்கிறது செட்டில்மென்ட். பதிவு ஆன அன்னைக்கே உரிமை கை மாறிடும். அப்புறம் நீங்க அந்த வீட்டுல இருக்கிறது உங்க பிள்ளையோட நல்ல மனசால. பொதுவா நீங்க மட்டும் தனியா போய் அதை ரத்து பண்ண முடியாது. தீர்ப்பாயமோ நீதிமன்றமோதான் போகணும்.

6/
அப்புறம் ஏன் எல்லாரும் செட்டில்மென்ட் எழுதுறாங்க? நான் கேட்டப்போ வந்த பதில்கள்:

"குடும்பத்துக்குள்ள எழுதினா முத்திரைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்கு, செலவு கம்மி." உண்மை. உயிலுக்கு முத்திரைத்தாளே தேவையில்லை. அது இன்னும் கம்மி.

"நாளைக்குப் பிள்ளைகளுக்குள்ள சண்டை வரக் கூடாது." சண்டை வராம இருக்கத் தெளிவான உயில் போதும். செட்டில்மென்ட் எழுதினா, நீங்க போன பிறகு வர வேண்டிய சண்டை நீங்க இருக்கும்போதே வரும்.

"பையன் லோன் போடணும்னு சொன்னான்." உண்மையான காரணம் பெரும்பாலும் இதுதான். அப்போ நேராச் சொல்லுங்க: இது பாகப்பிரிவினை இல்லை, உங்க முதுமையை அடமானம் வெச்சு எடுக்கிற தொழில் கடன்.

7/
இப்போ ஒரு மருத்துவரா கொஞ்சம் கணக்கு.

அறுபதைத் தொட்ட இந்தியர் சராசரியா இன்னும் ஏறக்குறைய 18 வருஷம் வாழ்றார். பெண்கள் இன்னும் கூடுதலா. பலர் அந்தச் சராசரியைத் தாண்டிப் போறாங்க. எண்பதைத் தாண்டினவங்க என் ஓ.பி.க்குத் தானே நடந்து வர்றாங்க.

ஸ்டென்ட் வெச்சு, சர்க்கரைக்கு மாத்திரை போட்டு, கண்புரை எடுத்து, உங்க ஆயுளை நாங்க நீட்டிட்டே போறோம். நீட்டின ஆயுளுக்குச் செலவு இருக்கு. அதுவும் கடைசி அஞ்சு வருஷத்துலதான் அதிகம்.

58 வயசுல ரிட்டயர் ஆகி 60ல வீட்டை எழுதிக் கொடுக்கிறவர், இன்னும் இருபது, இருபத்தஞ்சு வருஷம் சொத்தில்லாம வாழத் தயாராகிறார்னு அர்த்தம். யாரும் அப்படி நினைச்சு எழுதுறதில்லை. "இன்னும் எத்தனை நாளைக்கு?"ன்னு நினைச்சு எழுதுறாங்க. நிறைய நாளைக்கு.

8/
இனிமே பிள்ளைகளுக்கு. நாற்பது, நாற்பத்தஞ்சு வயசுல இதைப் படிக்கிற உங்களுக்குத்தான்.

உங்க அப்பா 26 வயசுல உங்களைப் பெத்தார்னு வெச்சுக்குங்க. அவர் 86 வரைக்கும் இருந்தா, வீடு உங்க கைக்கு வரும்போது உங்களுக்கு 60. அம்மா இருந்தா இன்னும் தள்ளிப் போகும். தள்ளித்தான் போகணும். கூடப் பொறந்தவங்க ரெண்டு பேர் இருந்தா மூணுல ஒரு பங்கு. கடைசிக் கால வைத்தியச் செலவு போக மிச்சம். நாற்பது வருஷப் பழைய கட்டடம்.

இதுதான் உங்க ஓய்வுகாலத் திட்டமா?

பரம்பரைச் சொத்தை நம்பித் தன் ஓய்வுகாலத்தைக் கணக்குப் போடுறவர், தெரிஞ்சோ தெரியாமலோ தன் அப்பாவோட ஆயுளுக்கு எதிரா பந்தயம் கட்டுறார். அப்பா சீக்கிரம் போனாத்தான் அந்தக் கணக்கு வேலை செய்யும். இல்லன்னா அப்பா உயிரோட இருக்கும்போதே பிடுங்கணும். "இப்பவே எழுதிக் குடுத்துடுங்கப்பா"ன்னு கேக்குறது எங்கிருந்து வருதுன்னு இப்போ புரியுதா?

9/
கேக்கக் கசக்கும். ஆனா ஐ.சி.யூ. வாசல்ல இதை நான் கண்ணால பாத்திருக்கேன். வேலை பார்த்த ஒரு இடத்துல, நினைவில்லாம கெடந்த பெரியவரோட கட்டைவிரலுக்கு மை டப்பாவோட வந்தாங்க. "ரெண்டு நிமிஷம்தான் டாக்டர்." வெளிய அனுப்பினேன். ராத்திரி டியூட்டியில வேற யாராவது இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியாது.

வந்தவங்க ரவுடிகள் இல்லை. சம்பளத்துக்கு வேலை பாக்குற, தவணை கட்டுற, சாதாரண ஆட்கள். அவங்க வாழ்க்கைக் கணக்கு மொத்தமும் அந்த ஒரு கைரேகை மேல நின்னுச்சு.

10/
"என் பிள்ளை உயிர் இருக்கிற வரைக்கும் என்னைப் பாத்துக்குவான்." சரி. அந்த உயிருக்கு யார் கேரண்டி?

நாற்பதுகள்ல மாரடைப்போட வர்றவங்களைப் பாக்காத மருத்துவர் இன்னைக்குக் கிடையாது. நம்ம திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில விபத்துக்கும் குறைவில்லை. பிள்ளை உங்களுக்கு முன்னாடி போயிட்டா?

இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 சொல்றதைக் கேளுங்க. உயில் எழுதாம இறந்த மகனோட சொத்து, முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகும்: மனைவி, பிள்ளைகள், தாய். தகப்பன் அந்தப் பட்டியல்ல கிடையாது. ரெண்டாம் வகுப்புலதான் வர்றார். அதாவது, தான் ரத்தம் சிந்திக் கட்டின வீட்டை மகனுக்கு எழுதிக் கொடுத்த அப்பாவுக்கு, மகன் போன பிறகு அந்த வீட்டுல ஒரு செங்கல் கூட உரிமை இல்லை. அம்மாவுக்கு, மருமகளோடயும் பேரப்பிள்ளைகளோடயும் சேர்த்து ஒரு பங்கு.

இதை என் ஓ.பி.யில சொன்னா பாதிப் பேர் நம்ப மாட்டேங்கிறாங்க. வக்கீல்கிட்ட கேட்டுப் பாருங்க.

11/
கற்பனை இல்லை. நாகப்பட்டினத்து வழக்கு ஒண்ணு, 2025 மார்ச்ல சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 87 வயசு மூதாட்டி. மகள்கள் இருந்தும் மகன் பேருக்கு மட்டும் செட்டில்மென்ட் எழுதினாங்க, கடைசி வரைக்கும் பாத்துக்குவாங்கன்னு நம்பி. மகன் இறந்துட்டார். மருமகள் கவனிக்கலை. ஆர்.டி.ஓ.கிட்ட போனாங்க. அவர் பத்திரத்தை ரத்து பண்ணினார். எதிர்த்து வழக்கு உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு.

ரத்து செல்லும்னு தீர்ப்பு. பெத்தவங்க அன்பினால எழுதிக் கொடுக்கிற பத்திரத்துல, "என்னைப் பாத்துக்கணும்"ங்கிற நிபந்தனை எழுத்துல இல்லைன்னாலும் உள்ளுக்குள்ள இருக்குன்னு நீதிமன்றம் சொல்லிச்சு.

நல்ல தீர்ப்பு. ஆனா 87 வயசுல, பெத்த மகனைப் பறிகொடுத்த அம்மா, சோத்துக்காக ஆபீஸ் படி ஏறணுமா? நம்ம கேள்வி அதுதான்.

12/
சட்டம் என்ன சொல்லுதுன்னு சுருக்கமா. எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007. இதோட 23ஆவது பிரிவுப்படி, பராமரிக்கணும்ங்கிற நிபந்தனையோட எழுதிக் கொடுத்து, பிள்ளை பராமரிக்கலைன்னா, அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். தமிழ்நாட்டுல ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயம் விசாரிக்கும். மேல்முறையீடு கலெக்டர்கிட்ட.

2022 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததுன்னு நிரூபிக்கணும், சும்மா ரத்து பண்ண முடியாதுன்னு சொல்லிச்சு. 2025 ஜனவரியில இன்னொரு வழக்குல, இது முதியவங்களுக்கான நலச் சட்டம், தாராளமாத்தான் பொருள் கொள்ளணும், சொத்தைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டுன்னு சொல்லிச்சு.

நீதிபதிகளுக்கே இவ்வளவு விளக்கம் தேவைப்படுற விஷயத்துல, உங்க சோத்தை வெச்சு விளையாடாதீங்க.

13/
ஜீவனாம்சமும் கேக்கலாம். சட்டம் வெச்சிருக்கிற உச்சவரம்பு மாசம் 10,000 ரூபாய். 2007ல எழுதின தொகை. பக்கவாதம் வந்து படுத்தவருக்கு வீட்டோட ஒரு ஆள் வெச்சாலே மாசம் அஞ்சு இலக்கத்துல செலவு. டயப்பர், பிசியோதெரபி, மாத்திரை எல்லாம் தனி.

முதலமைச்சர் காப்பீடு இருக்கு. வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும். ரொம்ப நல்ல திட்டம், எத்தனையோ உயிரைக் காப்பாத்தியிருக்கு. ஆனா அது ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு. இடுப்பெலும்பு உடைஞ்சு ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த பிறகு ஆறு மாசம் யார் தூக்கி உக்கார வைப்பாங்க? அதுக்குக் காப்பீடு கிடையாது. அதுக்குக் கையில காசு வேணும், இல்லன்னா ஆள் வேணும்.

14/
ஆள்னு சொன்னதும் மகள்கள் ஞாபகம் வருது.

தைப்பூசத்தன்னைக்கு நம்ம அம்மன் கொள்ளிடக் கரைக்கு வருவா. ஸ்ரீரங்கத்துல இருந்து அண்ணன் ரங்கநாதர் தங்கச்சிக்குச் சீர் அனுப்புவார். புடவை, மாலை, மங்கலப் பொருள். பாக்கவே கண் நிறையும். இந்த ஊர்ல பொறந்தவங்களுக்கு அது வெறும் சடங்கு இல்லை.

ஆனா அதே சீரைக் காட்டித்தான் நம்ம வீடுகள்ல மகள்கள் வாயை அடைக்கிறோம். "அதான் கல்யாணத்துல செஞ்சாச்சே, வளைகாப்புக்குச் செஞ்சாச்சே, பங்கு வேறயா?" அப்புறம் விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்து. கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம். முடிஞ்சது.

பூர்வீகச் சொத்துல மகளுக்குச் சம உரிமைன்னு தமிழ்நாடு 1989லயே சட்டம் போட்டது. 2005ல நாடு முழுக்க வந்தது. இத்தனை வருஷம் ஆகியும், பங்குன்னு கேட்ட பொண்ணு இன்னும் நம்ம ஊர்ல "பொறந்த வீட்டுக்கு ஆகாதவ".

15/
வார்டுக்கு வந்து பாருங்க. சம்மதப் படிவத்துல கையெழுத்துப் போட மகன் வர்றார். ராத்திரி கட்டிலுக்குக் கீழ பாய் விரிச்சுப் படுத்து, பெட்பேன் எடுக்கிறது பெரும்பாலும் மகளும் மருமகளும். ஒருத்திக்குச் சொத்துல பங்கு கொடுக்கலை. இன்னொருத்தி பேர் பத்திரத்துலயே இல்லை.

நீங்களே சம்பாதிச்ச சொத்தை யாருக்கு வேணும்னாலும் எழுதலாம், உங்க உரிமை. நான் சொல்றது, எழுதும்போது உங்களைத் தூக்கி உக்கார வைக்கப் போறது யார்னு யோசிச்சு எழுதுங்க. மகளுக்கும் பங்கு வெச்சு உயில் எழுதினா, உங்களைப் பாக்கிறதுக்கு ஒரு வீட்டுக்குப் பதிலா ரெண்டு வீடு இருக்கும்.

16/
மனைவியை மறந்துட்டீங்க. பெரும்பாலான வீட்டுல வீடு புருஷன் பேர்ல. புருஷன் தன் கௌரவத்துக்கு மகனுக்கு எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுறார். மனைவி வயசுல சின்னவங்க, ஆயுளும் அதிகம். அவர் போன பிறகு பத்து, பதினஞ்சு வருஷம் அந்த வீட்டுல விருந்தாளியா இருக்கப் போறது அந்த அம்மாதான்.

என்கிட்ட மாத்திரையை உடைச்சுப் போட்டுட்டு வர்றவங்கள்ல விதவைகள்தான் அதிகம். ஆண்களே, உங்க பத்திரத்தை எழுதும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: நான் இல்லாத அடுத்த நாள் காலையில என் மனைவி யார்கிட்டயும் கேக்காம ஒரு டீ வாங்கிக் குடிக்க முடியுமா?

17/
திருச்சி பென்ஷன்காரங்க ஊர்னு ஒரு பேர் இருக்கு. ஓரளவுக்குத்தான் உண்மை.

பொன்மலை ரயில்வே பணிமனையில வேலை பார்த்தவர், 2004க்கு முன்னாடி சேர்ந்தவர்னா, கடைசி வரைக்கும் அகவிலைப்படியோட பென்ஷன். அவருக்கு அப்புறம் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். அந்த வீடுகள்ல பெரியவங்க குரல் இன்னும் கணீர்னு இருக்கும். கவனிச்சுப் பாருங்க.

திருவெறும்பூர் பெல் பக்கம் வாங்க. பி.எஃப்., கிராஜுவிட்டின்னு மொத்தமா ஒரு தொகை வரும். இ.பி.எஸ். 95ல மாசாமாசம் வர்றது பெரும்பாலானவங்களுக்குச் சில ஆயிரம்தான். குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014ல இருந்து 1,000 ரூபாய்லயே நிக்குது. மொத்தத் தொகை பொண்ணு கல்யாணத்துக்கும் பையன் சென்னை ஃபிளாட் முன்பணத்துக்கும் போயிடும்.

நம்ம கோயில் வாசல்ல பூ கட்டுற அம்மாவுக்கும், மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில மூட்டை தூக்கினவருக்கும்? முதியோர் உதவித்தொகை கிடைச்சா மாசம் 1,200. அவங்ககிட்ட இருக்கிறது ஒரு சின்ன வீடு. அதையும் எழுதி வாங்கிடுறோம்.

18/
"டாக்டர், பாசத்தைக் கணக்குப் போடுறீங்க. நம்ம கலாச்சாரம் இது இல்லை. பிள்ளைக்காகத் தேயுறதுதான் பெத்தவங்க."

எதிர்பார்த்தேன். நானும் இந்த மண்ணுதான், எனக்கும் தெரியும். மாசிக் கடைசி ஞாயித்துக்கிழமை பூச்சொரிதல் தொடங்கினா, சமயபுரத்தாள் பக்தர்களுக்காகத் தானே பட்டினி கெடப்பா. பச்சைப் பட்டினி விரதம். சமைச்ச நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, இளநீர், பானகம்தான். பிள்ளைகளுக்காகத் தாய் பட்டினி இருக்கிற கோயில் இது. நம்ம அம்மாக்கள் அதைப் பாத்தே வளர்ந்தவங்க.

ஆனா ஒண்ணு கவனிங்க. அம்மன் விரதத்துக்கு 28 நாள்னு கணக்கு இருக்கு. 28 நாள் முடிஞ்சதும் விரதம் முடிஞ்சுடும். ஊரே சேர்ந்து அவளுக்குச் சித்திரையில தேர் இழுக்கும். 28 நாளும் கோயில் அவ கோயில்தான், யாரும் எழுதி வாங்கலை. உங்க அம்மா பட்டினிக்கு என்ன கணக்கு? என்னைக்கு முடியும்?

19/
என் வீட்டுக் கதையும் சொல்லிடுறேன், இல்லன்னா ஊருக்கு உபதேசம்னு சொல்வீங்க.

அப்பா ரிட்டயர் ஆன வருஷம், "வீட்டை உன் பேருக்கு மாத்திடுறேன், அக்காகிட்ட சொல்லிட்டேன், அவ கையெழுத்துப் போட்டுடுவா"ன்னார். எனக்கு அப்போ கிளினிக் போடக் காசு வேணும். உண்மையைச் சொல்றேன், ஒரு வாரம் ஆசையாத்தான் இருந்தது. வேணாம்னு சொன்னது நான் உத்தமன்ங்கிறதால இல்லை. அந்த வாரம் ஒரு பெரியவர், டயாலிசிஸை வாரம் மூணுல இருந்து ரெண்டாக் குறைச்சுக்கலாமான்னு கேட்டார். ஏன்னு கேட்டேன். "மருமகளுக்கு வண்டிச் செலவு"ன்னார்.

வாடகை இடத்துல கிளினிக் போட்டேன். வீடு இன்னும் அப்பா பேர்ல. உயில் எழுதியிருக்கார். அக்காவுக்கும் பங்கு. அம்மா ஆயுசுக்கும் அதே வீட்டுல இருக்கலாம்னு முதல் வரியிலயே எழுதியிருக்கார். இன்னைக்கும் நான் லேட்டா வந்தா அப்பா திட்டுவார். அவர் வீடு, திட்டலாம்.

20/
சரி, என்னதான் பண்றது? பெரியவங்களுக்கு:

• இருக்கிற வீடு உங்க பேர்லயே இருக்கட்டும். முடிஞ்சா கணவன் மனைவி ரெண்டு பேர் பேர்லயும்.

• உயில் எழுதுங்க. நல்லா இருக்கும்போதே. வெள்ளைத்தாள் போதும். ரெண்டு சாட்சி வேணும், பங்கு வாங்குறவங்க சாட்சியா வேணாம். பதிவு கட்டாயம் இல்லை, ஆனா பண்ணிடுங்க. அன்னைக்கே ஒரு மருத்துவர்கிட்ட, தெளிவான மனநிலையில இருக்கீங்கன்னு சான்று வாங்கி வெச்சுக்குங்க.

• எழுதிக் கொடுத்தே ஆகணும்னா, பத்திரத்துலயே ரெண்டு வரி இருக்கணும்: ஆயுள் வரைக்கும் எனக்கும் என் மனைவிக்கும் அனுபவிக்கிற உரிமை, எங்களைப் பராமரிக்கணும்ங்கிற நிபந்தனை. இந்த ரெண்டு வரியை எழுத வேணாம்னு பிள்ளை சொன்னா, உங்களுக்குப் பதில் கிடைச்சாச்சு.

• பேங்க் கணக்குல மனைவி பேரையும் சேருங்க. ஏ.டி.எம். கார்டை அவங்க கையில கொடுத்துப் பழக்குங்க.

21/
பணத்துக்கு:

• ரிட்டயர்மென்ட் பணத்தை மொத்தமா யார்கிட்டயும் கொடுக்காதீங்க. தபால் ஆபீஸ்ல மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கு. 60 வயசு முடிஞ்சவங்க 30 லட்சம் வரைக்கும் போடலாம். இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம். 10 லட்சம் போட்டா மூணு மாசத்துக்கு ஒரு தடவை 20,500 ரூபாய். விலைவாசி ஏற ஏற அதோட மதிப்பு குறையும், அதனால இது மட்டும் போதாது. ஆனா மாத்திரைக்கு யார்கிட்டயும் கேக்க வேண்டாம்.

• மாத்திரைச் செலவைக் குறைக்க வெக்கப்படாதீங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது, இலவசமா. முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம்ல விலை கம்மி, மருந்து அதே மருந்துதான்.

• பாத்துக்கலைன்னா வாய மூடிட்டு இருக்காதீங்க. 14567, முதியோர் உதவி எண். கட்டணம் இல்லை.

22/
பிள்ளைகளுக்கு:

• அப்பா சொத்தை உங்க கணக்குல பூஜ்யம்னு போட்டுட்டு ஓய்வுகாலத்தைத் திட்டமிடுங்க. வந்தா லாபம்.

• 18ல இருந்து 40 வயசுக்குள்ள, வருமான வரி கட்டாதவங்கன்னா அடல் பென்ஷன் யோஜனா பாருங்க. 60க்கு மேல மாசம் 1,000ல இருந்து 5,000 வரைக்கும். பெரிய தொகை இல்லை. ஆனா கடை வெச்சிருக்கிறவங்க, ஆட்டோ ஓட்டுறவங்க, பூ கட்டுறவங்களுக்கு அவங்க பேர்ல வர்ற முதல் பென்ஷன் அதுவாத்தான் இருக்கும். சம்பளக்காரங்க வேலை மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவு பண்றதை நிறுத்துங்க.

• அப்பா எழுதிக் கொடுக்கிறேன்னு சொன்னா, வேணாம்னு சொல்லுங்க. நீங்க அவருக்குச் செய்யுற பெரிய வைத்தியம் அது.

• அம்மாகிட்ட மாத்திரை இருக்கான்னு கேக்காதீங்க. இருக்குன்னுதான் சொல்வாங்க. டப்பாவைத் திறந்து பாருங்க. பாதியா உடைஞ்சது இருக்கான்னு பாருங்க.

23/
முதல்ல சொன்ன அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. கால்ல ஒரு விரல் போச்சு. கால் தப்பிச்சது. மகன்கிட்ட நான் சொல்லிட்டேன். அவங்க வேணாம்னு சொன்னதை மீறித்தான் சொன்னேன். சரியா தப்பான்னு இன்னும் எனக்கு உறுத்தலாத்தான் இருக்கு. அவர் என் முன்னாடி உக்காந்து அழுதார்.

ஆரம்ப சுகாதார நிலையத்துல அந்த அம்மா பேரைப் பதிஞ்சாச்சு. மாத்திரை இப்போ வீட்டுக்கு வருது. முன்னாடியே ஏன் பதியலைன்னு கேட்டேன். "மாத்திரை குடுக்கிறவங்க வீட்டுக்கு வந்தா, பையன் வாங்கித் தரலைன்னு தெருவுல பேசுவாங்க சார்"ன்னாங்க.

ஒரு விரலைக் கொடுத்து மகன் பேரைக் காப்பாத்தியிருக்காங்க.

24/
இந்த வாரம் யாராவது உங்களை ரிஜிஸ்டர் ஆபீஸுக்குக் கூப்பிட்டிருந்தா, ஒரு மாசம் தள்ளிப் போடுங்க. அந்த ஒரு மாசத்துல உங்க மனைவிகிட்டயும் மகள்கிட்டயும் ஒரு தடவை பேசுங்க. ஒரு வக்கீலைத் தனியா, பிள்ளையைக் கூட்டிட்டுப் போகாம, போய்ப் பாருங்க.

பாசம் நிஜமா இருந்தா ஒரு மாசம் காத்திருக்கும்.

எழுதி வைங்க. எழுதிக் கொடுக்காதீங்க.

தேவைப்படுறவங்களுக்குப் பகிருங்க.